சுண்ணமும் காலமும்

வரலாறு என்றவுடன் கல்வெட்டும் செப்பேடும் நம் நினைவுக்கு வருகின்றன. கல்லிலும் செம்பிலும் எழுதுவித்த அரசர்கள், தங்கள் சொல் சந்திரன் சூரியன் உள்ளவரை நிலைக்க வேண்டும் என்று கருதியே எழுதுவித்தார்கள். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அதற்கு நேர்மாறானது. எழுதும்பொழுதே, மறுநாள் காலையில் இது இராது என்று தெரிந்து எழுதப்படுவது. குழந்தைகள் சுண்ணக்கோலால் பலகையிலும் தாளிலும் தீட்டும் சித்திரத்தைத்தான் சொல்கிறேன். அதற்கும் ஒரு வரலாறு உண்டோ என்று நீங்கள் கேட்கலாம். உண்டு. அதை அழியாமல் காக்க முயன்றவர்களின் வரலாறு அது. அதிலே இரசாயனம் வருகிறது. ஓர் அரசாங்கத்தின் கொடிய சட்டம் வருகிறது. ஒரு தலைமையாசிரியரும் வருகிறார்.

முதலில் பலகையைப் பார்ப்போம். நம் ஊர்ப் பள்ளிகளில் நெடுங்காலம் இருந்தது மரப்பலகை. முக்காலியில் சார்த்தி வைத்த கறுப்புப் பலகை என்றால் உங்கள் பாட்டனார்க்கு உடனே விளங்கும். நாளாக ஆக அது வெளுத்து வழவழப்பாகிவிடும். சுண்ணம் பிடிக்காமல் வழுக்கும். அப்பொழுது பிள்ளைகள் கோவையிலையையோ ஊமத்தையிலையையோ பறித்து வந்து, அடுப்புக்கரியோடு சேர்த்து அரைத்து, பலகை முழுதும் தேய்ப்பார்கள். வெள்ளிக்கிழமை பிற்பகல்களில் அந்தப் பச்சை நெடி வகுப்பெங்கும் வீசும். தேய்த்துக் காய்ந்த பலகையில் திங்கட்கிழமை எழுதினால் எழுத்துப் பளிச்சென்று விழும். ஏன் அப்படி? கரித்தூள் கறுப்பைக் கொடுப்பதோடு நின்றுவிடுவதில்லை. பலகையின் முகத்தைச் சற்றுச் சொரசொரப்பாக்குகிறது. அந்தச் சொரசொரப்புச் சுண்ணக்கோலை அரம்போல் அராவுகிறது. அராவிய தூள் மேடுகளுக்கு இடையே உள்ள பள்ளங்களில் தங்குகிறது. சுண்ணத்துக்கும் பலகைக்கும் உள்ள உறவு அவ்வளவே. பசையில்லை; வேதிக் கூட்டும் இல்லை. மணல் பள்ளத்தில் தங்குவதுபோலத் தங்குகிறது. துணி பட்டால் போய்விடுகிறது.

அப்படியானால் மேலே ஒரு வார்னிஷைப் பூசிவிட்டால் தீர்ந்தது என்று தோன்றும். இங்கேதான் இயற்கை நம்மைத் தடுக்கிறது. நீங்கள் எல்லோரும் அறிந்த ஒன்றைச் சொல்கிறேன். ஈரத்துணியால் துடைத்த பலகையில் அது காய்வதற்கு முன்பே ஆசிரியர் எழுதினால், எழுத்துச் சரியாகத் தெரிவதில்லை. பலகை உலர உலர எழுத்து மெல்ல வெளுத்து மேலெழும்புகிறது. சுண்ணம் அங்கே முன்பே இருந்தது, கண்ணுக்குத்தான் தோன்றவில்லை. சுண்ணத்தூளின் ஒவ்வொரு துகளும் தன்னளவில் ஏறக்குறைய நிறமற்றது, கண்ணாடித் தூள்போல. துகளுக்கும் துகளுக்கும் இடையே காற்று இருப்பதால், ஒளி ஒவ்வொரு விளிம்பிலும் திரும்பித் திரும்பிச் சிதறுகிறது. அந்தச் சிதறலையே நாம் வெண்மை என்கிறோம். காற்றின் ஒளிவிலகல் எண் 1. வகுப்பறைச் சுண்ணக்கோல் பலவற்றுக்கு மூலமான ஜிப்சத்தின் எண் ஏறத்தாழ 1.52. இந்த வேற்றுமை பெரிது. நீர் புகுந்தால் அதன் எண் 1.33, வேற்றுமை குறைகிறது, வெண்மை மங்குகிறது. வார்னிஷின் எண்ணோ ஏறத்தாழ 1.5. வேற்றுமை அடியோடு போய்விடுகிறது. நீர் உலர்ந்து போகும், வார்னிஷ் போகாது. ஆகவே, குழந்தையின் சித்திரத்தைக் காக்கவேண்டும் என்ற அன்பினாலே ஒருவர் தடித்த வார்னிஷைப் பூசினால், வெள்ளைக் கோடுகள் கண்முன்னே கரைந்து மறையும். அவருடைய அன்பே அதை அழித்துவிடும்.

இந்தச் சங்கடத்தை ஐரோப்பிய ஓவியர்கள் முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அனுபவித்தார்கள். நிறப்பொடியையும் சுண்ணத்தையும் சிறிது பிசின்நீர் விட்டுப் பிசைந்து, கோலாக உருட்டி உலர்த்தினால் அது பேஸ்டல் எனப்படும் வண்ணச் சுண்ணக்கோல். வெனிஸ் நகரத்து ரொசால்பா கரியேரா என்ற அம்மையார் 1720இல் பாரிஸுக்குச் சென்று அந்தக் கோலால் உருவப்படங்கள் தீட்டினார். அதன்பின் பாரிஸில் அது பெரும் நாகரிகமாயிற்று. மோரிஸ் கான்டன் தெ லா தூர் என்னும் ஓவியர் அதில் தலைசிறந்து விளங்கினார். பட்டுத்துணி போன்ற அந்த மென்மைக்கு எல்லோரும் மயங்கினார்கள். ஒரு விரல் பட்டால் போயிற்றே என்று எல்லோரும் அஞ்சினார்கள்.

1753இல் அந்துவான் ஜோசப் லோரியோ என்ற பிரெஞ்சுக்காரர், சுண்ணத்தை நிலைக்கச் செய்யும் வழியைக் கண்டுவிட்டதாகப் பாரிஸ் ஓவியக் கழகத்தின் முன் தம் படங்களைக் காட்டினார். வழி என்ன என்று மட்டும் சொல்லவில்லை. இருபத்தேழு ஆண்டுகள் இரகசியமாகவே வைத்திருந்து, 1780இல்தான் வெளியிட்டார். மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் பசையை நீரிலும் சாராயத்திலும் கரைத்து, அதைத் தூரிகையில் தோய்த்து, தூரிகையின் மயிரை நீவிவிட்டு, மிகச் சிறிய துளிகளாகப் படத்தின்மேல் தெறிக்கச் செய்வது. இவ்வளவே. பூசுவது அன்று, தெளிப்பது. இடைவெளிக் காற்று முழுதும் அடைபடாமல், துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டும் அளவுக்கு மட்டும் பசை வேண்டும். இன்று கடைகளில் குப்பியில் அடைத்து விற்கும் தெளிப்பு மருந்துகளின் தத்துவமும் அதுவே. மீன்பசைக்குப் பதிலாகச் செயற்கைப் பிசின் வந்திருக்கிறது. எட்கார் டெகா என்னும் பேரோவியருக்கு நண்பர் லூயிஜி கியலிவா இப்படியொரு மருந்தைத் தயாரித்துக் கொடுத்தார். டெகா ஒரு படலம் தீட்டித் தெளித்து, அதன்மேல் மறுபடலம் தீட்டி, இவ்வாறு அடுக்கடுக்காக வேலை செய்தார். தெளிப்பினால் நிறம் சற்று இருண்டாலும், கடைசிப் படலத்தில் அந்தக் குறையை ஈடுசெய்ய அவரால் முடிந்தது. குழந்தை அப்படி ஈடுசெய்யுமா? அது ஒரே மூச்சில் தீட்டிவிட்டு விளையாடப் போய்விடும்.

மரப்பலகையிலோ சங்கடம் இன்னும் ஒரு படி கூடுகிறது. மரம் மழைக்காலத்தில் ஈரம் குடித்து விரிகிறது, கோடையில் சுருங்குகிறது. மேலே இறுகிய பிசின் படலம் அதோடு சேர்ந்து அசைவதில்லை, நாளடைவில் வெடிக்கிறது. நீர் கலந்த மருந்தைத் தெளித்தால் மரத்தின் நார் எழும்பிக்கொள்ளும். மரத்திலுள்ள துவர்ச்சத்துக் கசிந்து வெள்ளைக் கோடுகளைப் பழுப்பாக்கவும் கூடும். தலைமயிர் படிவதற்கென்று விற்கும் தெளிப்பை மலிவு கருதிச் சிலர் பயன்படுத்துகிறார்கள். அது படத்துக்கென்று செய்யப்பட்டதன்று, காலப்போக்கில் மஞ்சளிக்கும். ஆகவே மிகச் சிறந்த வழி, ஒன்றும் பூசாமல் விடுவதே. பலகையின் நான்கு ஓரங்களிலும் விரற்கடை உயரச் சட்டம் அடித்து, சுண்ணத்தைத் தொடாதவாறு மேலே கண்ணாடியைப் பொருத்தி, வெயில் படாத சுவரில் மாட்டவேண்டும். கண்ணாடிக்குப் பதிலாக அக்ரிலிக் தகடு போட்டால், அதைத் துடைக்கும்போது உண்டாகும் நிலைமின்சாரம் தூளைத் தன்பால் இழுத்துக்கொள்ளும். பலூனைத் தலையில் தேய்த்துக் காகிதத் துண்டுகளை இழுத்து விளையாடியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆக, வழி தெரியாமையால் சுண்ணம் அழிவதில்லை. யாருடைய சுண்ணத்தைக் காப்பது என்பதே கேள்வி. 1931 மே மாதம் ஐன்ஸ்டைன் ஆக்ஸ்போர்டில் சொற்பொழிவாற்றியபொழுது எழுதிய கரும்பலகை இன்றளவும் அங்குள்ள அறிவியல் வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர் கை எழுதியது என்பதால் துடைக்காமல் எடுத்து வைத்தார்கள். ஒன்பது வயதுப் பையன் எழுதியதை யார் எடுத்து வைப்பார்?

சில வேளைகளில் தற்செயல் எடுத்து வைக்கிறது. அமெரிக்காவில் ஓக்லஹோமா நகரத்து எமர்சன் உயர்நிலைப் பள்ளியில், 2015 ஜூன் மாதம், பழைய கரும்பலகைகளைக் கழற்றிப் புதியன பொருத்தும் வேலை நடந்தது. பலகையைக் கழற்றினால், அதற்குப் பின்னே அதைவிடப் பழைய பலகை. அதில் எழுத்தும் படமும் அப்படியே இருந்தன. தேதியும் இருந்தது: 1917 நவம்பர் 30, மற்றோரிடத்தில் டிசம்பர் 4. அந்நாட்டினர் நவம்பரில் கொண்டாடும் நன்றி நவிலும் திருநாளுக்காக வரைந்த வான்கோழிகள், பழைய குடியேற்றக்காரர்களின் உருவங்கள், சக்கர வடிவில் பெருக்கல் வாய்பாடு, இசைப்பாடம், தூய்மையாக இருப்பதற்கான விதிகள், பிள்ளைகளின் பெயர்கள் எல்லாம் நிறம் மங்காமல் இருந்தன. வேலையாட்கள் அன்று பழைய பலகையைத் துடைக்காமலே அதன்மேல் புதியதை அறைந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒளியில்லை, விரல் இல்லை, துடைப்பான் இல்லை. மருந்து எதுவும் தெளிக்காமலே 98 ஆண்டுகள் சுண்ணம் நிலைத்துவிட்டது. அந்தச் சக்கர வாய்பாட்டின் படத்தைப் பார்த்தபொழுது, அதைக் கொண்டு கணக்குக் கற்பித்த முறை என்னவென்று அறிய எனக்குப் பெரிதும் ஆவலாயிற்று. ஆசிரியன் புத்தி எங்கே போகும்!

ஓக்லஹோமாப் பிள்ளைகளின் சித்திரம் தற்செயலாகப் பிழைத்தது. ஆஸ்திரேலியாவிலோ, ஓர் ஆசிரியர் பிள்ளைகளின் சுண்ண ஓவியத்தை ஓவியமாகவே மதித்தார். அதனால் அது பிழைத்தது. ஆனால் அந்த வரலாறு இவ்வளவு இனியதன்று. இனி அதைச் சொல்கிறேன்.

மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்மேற்குப் பகுதி நூங்கார் என்னும் பழங்குடியினரின் தாயகம். 1905இல் அம்மாநிலத்தில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி பதினாறு வயதுக்குட்பட்ட பழங்குடிக் குழந்தை ஒவ்வொன்றுக்கும் சட்டப்படியான பாதுகாவலர், தலைமைப் பாதுகாவலர் என்ற அரசாங்க அதிகாரியே. பெற்ற தாய் இருக்கும்போதே குழந்தைக்குக் காவலர் வேறொருவர்! இந்த அதிகாரத்தைக் கொண்டு, குறிப்பாகக் கலப்பினக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் குடியிருப்புகளில் கொண்டுபோய் வைத்தார்கள். அத்தகைய குடியிருப்புகளில் ஒன்று, கட்டானிங் என்னும் ஊருக்கு அருகே 1915இல் தொடங்கப்பட்ட கரோலப். இடையில் மூடப்பட்டு, பின்னர் மீண்டும் திறக்கப்பட்டது. அங்கே பிள்ளைகள் பொழுது சாய்ந்ததும் படுக்கைக் கொட்டடிகளில் அடைக்கப்பட்டார்கள். பள்ளியொன்று பெயரளவில் இருந்தது.

1946இல் நோயல் வைட் என்பவர் தம் மனைவி லில்லியுடன் அங்கே தலைமையாசிரியராக வந்தார். புதியவரைக் கண்டாலே ஒடுங்கும் பிள்ளைகள். வாய்திறந்து பேசாத வகுப்பு. அவர் என்ன செய்தார்? பிள்ளைகளை வெளியே அழைத்துப்போனார். யூகலிப்டஸ் மரங்களினூடே நடத்திச் சென்று, மரத்தின் நிழல் எப்படி விழுகிறது, அந்தி வானத்தில் எந்த நிறம் முதலில் மங்குகிறது, கங்காரு தாவும்பொழுது வால் எப்படி நிற்கிறது என்று உற்றுநோக்கும்படி பழக்கினார். திரும்பி வந்தபின், கண்டதை நினைவிலிருந்து வண்ணச் சுண்ணக்கோலால் தாளில் தீட்டச் சொன்னார். ஆசிரியப் பயிற்சி பெற்றவர்களுக்கு இது புதிய முறையன்று. கண்ணுக்குப் பயிற்சி கொடு, கை தானே வரும் என்று எங்களுக்கும் கற்பித்தார்கள். ஏட்டில் படித்ததை அவர் காட்டில் செய்து பார்த்தார் என்பதே வேற்றுமை.

விளைவு யாரும் எதிர்பாராதது. எரியும் செம்மஞ்சள் வானம்; அதன்முன் கன்னங்கரேலென நிற்கும் பெரிய மரங்கள்; மரங்களுக்கிடையே பாயும் கங்காருக்கள்; தீ மூட்டி ஆடும் மக்கள்; வேட்டைக்குச் செல்லும் ஆடவர். முறையாக ஓவியம் பயின்றறியாத சிறுவர்கள், தாளின் கறுப்பையும் ஒளியையும் அப்படி ஆண்டார்கள். வெகுதூரம் செல்லும் நிலப்பரப்பை ஒரு சிறு தாளுக்குள் அடக்கினார்கள். ரெவல் கூப்பர், ரெனால்டு ஹார்ட், பார்னல் டெம்ப்ஸ்டர் ஆகியோர் அவர்களுள் பெயர் பெற்றவர்கள். கொட்டடியில் அடைபட்ட பிள்ளைகள் தீட்டிய அந்தப் படங்களைப் பார்த்தால், அவற்றில் வேலியே இல்லை என்பதைக் கவனிக்கிறோம். அதற்குமேல் நான் வியாக்கியானம் செய்ய விரும்பவில்லை.

1947இல் பெர்த் நகரில் இப்படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1949இல் புளோரன்ஸ் ரட்டர் என்ற, எழுபது வயதைக் கடந்த ஆங்கில மூதாட்டி கரோலப்புக்கு வந்தார். படங்களைக் கண்டு வியந்து, பலவற்றை வாங்கிச் சென்று, இலண்டனிலும் ஹாலந்திலும் கண்காட்சிகள் நடத்தினார். 1952இல் மேரி டுராக் என்ற எழுத்தாளரும் அவரும் சேர்ந்து அந்தச் சிறுவர் ஓவியர்களைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார்கள். ஐரோப்பாவில் பாராட்டு வளர்ந்துகொண்டிருந்த அதே சமயத்தில், 1951க்குள் கரோலப் பள்ளி மூடப்பட்டுவிட்டது. ஆசிரியர் வேறிடம் போனார்; பிள்ளைகள் சிதறிப்போனார்கள். ஒரு பள்ளியின் பெயர் உலகுக்குத் தெரியத் தொடங்கும் நாளில் அந்தப் பள்ளியே இல்லை! நிருவாகம் என்பது எல்லா நாட்டிலும் ஒரே குணம் உடையதுபோலும்.

ரட்டர் அம்மையாருக்குப் பணமுடை வந்தது. 1956இல் தம்மிடமிருந்த தொகுதியை நியூயார்க்கைச் சேர்ந்த ஹெர்பர்ட் மேயர் என்னும் கலைப்பொருள் சேகரிப்பாளருக்கு விற்றுவிட்டார். மேயர் 1966இல் அதைத் தாம் படித்த கோல்கேட் பல்கலைக்கழகத்துக்கு நன்கொடையாக வழங்கினார். அங்கே பெட்டிகளில் இருந்தது. ஆஸ்திரேலியாவிலோ அத்தொகுதி தொலைந்தே போயிற்று என்று கருதினார்கள். 2004இல் ஹோவர்டு மார்பி என்ற ஆஸ்திரேலிய மானிடவியலறிஞர் கோல்கேட்டுக்குச் சென்றிருந்தபொழுது அப்பெட்டிகளைக் கண்டு, இவை எங்கிருந்து வந்தவை என்று அடையாளம் தெரிந்துகொண்டார்.

இந்த இடத்தில் சிறிது நின்று எண்ணிப் பார்க்கவேண்டும். ஓக்லஹோமாவில் சுவருக்குள் இருந்த இருட்டு என்ன செய்ததோ, அதையே கோல்கேட்டில் பெட்டிக்குள் இருந்த இருட்டும் செய்தது. கரோலப்பிலேயே கிடந்திருந்தால் அந்தத் தாள்கள் கரையானுக்கும் மழைக்கும் இரையாகி இருக்கலாம். ஆகவே கடல் கடந்ததால் பிழைத்தன என்று சொல்வது எளிது. அது பாதி உண்மைதான். அந்த ஐம்பது ஆண்டுகளில் சுண்ணம் நிலைத்திருந்தது. தீட்டிய கைகள் நிலைத்திருக்கவில்லை. ரெவல் கூப்பர் வளர்ந்தபின்னும் ஓவியத்தை விடவில்லை. ஆனால் வாழ்க்கையின் பல ஆண்டுகளைச் சிறையில் கழித்தார். சிறைக்குள்ளும் அந்தச் செம்மஞ்சள் வானத்தையும் கறுத்த மரங்களையும் தீட்டினார். 1983இல் இறந்தார். சிறுவனாக அவர் வரைந்த படங்கள் அன்றும் அமெரிக்காவில் ஒரு பெட்டிக்குள் நன்றாகவே இருந்தன. காப்பது என்றால் எதை, யாருக்காக என்று கேட்க வேண்டியிருக்கிறது. சுண்ணத்தூள் தாளைவிட்டு உதிராமல் இருப்பது முதற்பாதி. தீட்டியவனும் அவன் பிள்ளைகளும் அதைக் காண முடிவது மறுபாதி. முதற்பாதிக்கு இருட்டு உதவும். மறுபாதிக்குப் பெட்டியைத் திறக்க வேண்டும்.

குழந்தைகளைப் பிரித்த அந்தக் கொள்கையைப் பற்றி ஆஸ்திரேலியாவில் 1997இல் ஒரு விசாரணை அறிக்கை வெளியாயிற்று. 2008 பிப்ரவரியில் பிரதம மந்திரி கெவின் ரட் நாடாளுமன்றத்தில் நாட்டின் சார்பாக மன்னிப்புக் கேட்டார். பிரிக்கப்பட்டோரிடம் பிள்ளைப்பருவத்தின் அடையாளமாக என்ன இருக்கும்? நிழற்படம் இல்லை, வீட்டுப் பொருள் இல்லை, அரசாங்கக் கோப்பில் ஒரு குறிப்பு இருக்கலாம். அந்தக் குறிப்பும் வேறொருவர் அவர்களைப் பற்றி எழுதியது. கரோலப் படங்களோ அவர்களே தங்கள் கையால் விட்டுச்சென்றவை. அதனால்தான் அந்த உதிரும் தூளுக்கு இவ்வளவு மதிப்பு.

2005இல் நூங்கார் மக்களின் சார்பாக எசார்டு பிளவர்ஸ், அதோல் பார்மர் என்னும் இருவர், ஜான் ஸ்டான்டன் என்ற அருங்காட்சியக அறிஞருடன் கோல்கேட்டுக்குச் சென்று படங்களைப் பார்த்தார்கள். கோல்கேட் பல்கலைக்கழகம் நல்ல முறையில் நடந்துகொண்டது என்றே சொல்லவேண்டும். 2013இல் அத்தொகுதி முழுவதையும், நூற்றுக்கு மேற்பட்ட படங்கள், பெர்த் நகரத்துக் கர்ட்டின் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் ஒப்படைத்தது. இன்று அவை அப்பல்கலைக்கழகத்தின் ஜான் கர்ட்டின் ஓவியக்கூடத்தில் பேணப்படுகின்றன. அதற்கு முன்னரே, 2006இல், படங்கள் சில கட்டானிங் ஊருக்கே கொண்டுவரப்பட்டு, கரோலப்பிலிருந்து பிழைத்தவர்களும் அவர்களுடைய மக்களும் பேரர்களும் வந்து காணும்படி வைக்கப்பட்டன. அந்தக் கண்காட்சிக்கு அவர்கள் வைத்த பெயர் கூரா கூலிங்கா. நெடுநாளைக்கு முன்பு இருந்த குழந்தைகள் என்பது நூங்கார் மொழியில் அதன் பொருள்.